குதிகால் வலியும் எண்ணூற்றைம்பது ரூபாய் ஷூவும்

முதலில் வளையல் துண்டு என்றுதான் நினைத்தேன். விடியற்காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தபோது இடது குதிகாலின் நடுவில் எதுவோ ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டு, கண்ணாடித் துண்டு எங்காவது மினுங்குகிறதா என்று தரையையும் பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை.

மறுநாளும் அப்படியே. ஊக்கை நெருப்பில் காட்டித் தோலைக் கிளறிப் பார்த்தேன். இதைப் படிப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். கிளறிய இடம் பழுத்து, அதற்குத் தனியாக ஒரு வாரம் களிம்பு போட வேண்டியதாயிற்று.

நாற்பது அடி நடந்தால் வலி மெல்ல விலகிக்கொள்ளும். அதனாலேயே நான் அதை நம்பவில்லை. உண்மையான நோய் என்றால் நடக்க நடக்கக் கூடத்தானே வேண்டும்? இது பொய் வலி, தானாகப் போய்விடும் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பகுதியில் வேலை பார்த்தேன். சிறு கட்டைகளில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றுகிற மெஷின் அது. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். கட்டை தீர்ந்தால் எடுத்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். மெஷினின் ஒரு பக்கத்தில் பாதி நீளம் என்னுடையது. மீதிப் பாதி சுப்புத்தாயுடையது. அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். காலை ஏழு மணிச் சங்கிலிருந்து பிற்பகல் மூன்று மணிச் சங்கு வரை அவரவர் நீளத்துக்குள் போய்ப் போய் வர வேண்டும். உட்கார இடம் கிடையாது.

இரண்டாவது மாதக் கடைசியில் வலி மெஷினுக்கும் வந்துவிட்டது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. முன்காலில் நடந்தேன். அறுந்த நூல்கள் எனக்காகக் காத்து நின்றன. ஷிஃப்ட் முடிவில் நிறுத்துப் பார்க்கும் என் கோன்களின் எடை குறைந்தது.

எடை குறைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். கழிவுப் பஞ்சு பிரிக்கிற கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் கூலி. வேலை இருக்கிற நாளைக்கு மட்டும் கூப்பிடுவார்கள். கொட்டகைக்குப் போன யாரும் மெஷினுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மழைக்காலத்தில் அதில் ஒன்றும் வராது. என் மெஷின் போனால் வீடு நிற்காது.

வலியைவிட மோசமானது, அது வெளியே தெரியாதது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. சுப்புத்தாய் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மதினி, காலைல வரும்போது நொண்டுதிய. தண்ணி குடிக்கப் போகும்போது நல்லா நடக்கிய. மெஷின்ட்ட வந்தா திரும்ப நொண்டுதிய. உங்க காலுக்கு மெஷின் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. டிபன் மூடியைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த வலி அப்படித்தான் வரும், போகும்.

மில்லுக்குப் பக்கத்து மருந்தகத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை என்றார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இருக்கும்வரை வலி அடங்கியிருந்தது, தீர்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாரம் இரண்டு நாள் வந்து பார்க்கிற எலும்பு டாக்டரிடம் போனோம்.

அவர் என்னைப் பேசவிடவில்லை. குதிகாலின் உட்பக்கம் ஓரிடத்தில் கட்டை விரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"காலைல முதல் அடி உயிர் போகும். நடந்தா குறையும். நின்னுக்கிட்டே இருந்தா திரும்ப வரும். சரிதானம்மா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைச் சந்தேகப்படவில்லை.

எக்ஸ்ரேயில் ஒரு ஸ்பர் (குதிகால் எலும்பின் அடியில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சி) தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கண்டதும் குற்றவாளியைப் பிடித்துவிட்டவர் போலச் சொன்னார்.

"இந்த முள்ள வெட்டி எடுத்திரலாமா சார்?"

"முள்ளு இருக்க நெறையப் பேருக்கு வலியே கிடையாது. முள்ள எடுத்தா வலி போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார் டாக்டர்.

என் நோய்க்குப் பெயர் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் (குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் விரிந்திருக்கும் நார்ப்பட்டை, எலும்பைப் பற்றும் இடத்தில் இழுபட்டுப் புண்ணாவது). கெட்டித் தரையில் பல வருஷம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வரும் என்றார். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் சதையை நீட்டுகிற பயிற்சியும், படுக்கையிலிருந்து இறங்கும் முன் துண்டால் முன்காலை இழுத்துப் பிடிக்கிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். ஊசி உண்டு, இப்போது வேண்டாம் என்றார்.

கடைசியில்தான் அதைச் சொன்னார். "ஓட்டப் பந்தயக்காரங்க போடுற ஷூ ஒண்ணு வாங்கிப் போடுங்க. குதிகாலுக்கு அடில மெத்தை இருக்கும். கேன்வாஸ் ஷூ வேண்டாம். கொஞ்சம் வெல கூடத்தான்." சீட்டின் பின்பக்கம் ஒரு கடையின் பெயரை எழுதினார்.

பஸ் புறப்பட்டதும் என் வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி பேச்சி, மருந்துச் சீட்டுல செருப்புக் கட பேரு எழுதுற டாக்டர இப்பத்தான் பாக்கேன்."

"மருந்துக் கடையும் எழுதத்தான செய்வாக."

"அது மருந்து. இது ஓடுறவன் போடுறது. நீ எங்க ஓடப் போற?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வாசல் பெருக்குகிற, நூல் முடிகிற ஒரு பெண்ணுக்கு எதற்குப் பந்தயக்காரன் ஷூ? அந்தக் கடைக்கும் இந்த டாக்டருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று பஸ் ராஜபாளையம் வருவதற்குள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். ஆனாலும் அடுத்த வாரம் அந்தக் கடைக்குத்தான் போனோம். வலிக்கிறவர்களுக்கு இது புரியும். நம்பாமலே செய்து பார்ப்போம்.

கடைக்காரர் ஒரு பாய். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை. என் காலை அளக்க வேண்டும் என்றதும் நான் கூசிப்போனேன். அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு தாளையும் பென்சிலையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, "நீங்களே கோடு போட்டுக் கொடுங்க அண்ணாச்சி" என்று தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

பெண்களுக்கென்று அந்த ஷூ வருவதில்லையாம். ஆண்கள் ஷூவில் சின்ன அளவு. வெள்ளை நிறம், நீலக் கோடுகள், தடித்த அடிப்பாகம். விலை எண்ணூற்றைம்பது. என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் தெரியும். ஷூவை வளைத்தார். குதிகால் பக்கம் நகத்தால் அழுத்தினார். அடிப்பாகத்தை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, சைக்கிள் டயர் வாங்க வந்தீகளா, ஷூ வாங்க வந்தீகளா?" என்றார் பாய்.

"ரெண்டும் ரப்பர்தான பாய். டயருக்கு இம்புட்டு வெல கிடையாதே."

"டயருக்குக் குதிகால் வலிக்காதே அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பேச்சுத் திறமையையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து அந்த ஷூவைப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். விடிந்தும் விடியாமலும் வீட்டிலிருந்து இறங்குவேன். சேலையைத் தரை உரசக் கட்டி ஷூவை மறைத்துக்கொள்வேன். பெரிய தெருவை விட்டுச் சந்து வழியாகப் போவேன். சகதி கிடந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன். எங்கள் பகுதியின் வாசலுக்கு வந்ததும் எல்லாரையும் போலக் கழற்றிவிடுவேன்.

எங்கள் மில்லில் தொழிலாளர்கள் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை. வாசலுக்குள் நுழைந்ததும் சாமி படம் இருக்கும். வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவார்கள். மெஷினையும் நாங்கள் கும்பிட்டுத்தான் தொடுவோம். மேஸ்திரி, மாஸ்டர் எல்லாம் ஷூவோடுதான் நடப்பார்கள். அது எங்களுக்கு வித்தியாசமாகவே பட்டதில்லை.

மற்றவர்களின் ரப்பர் செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். என் ஷூவை அங்கே விட மனம் வரவில்லை. யாராவது எடுத்துவிட்டால்? துணிப்பையில் போட்டு, டிபன் வாளிகள் தொங்குகிற ஆணியில் மாட்டிவிடுவேன். மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பேன்.

மூன்று மாதம் இப்படிப் போட்டேன். வலி குறையவில்லை. கூடத்தான் செய்தது. ஒருநாள் சம்பளத் தாள் கொடுக்கும்போது மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எடை ரொம்பக் கொறையுது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்க."

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்த வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் அதே மாதிரி நீலக் கோடு போட்ட ஷூவை மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கூவி விற்பதைப் பார்த்திருந்தார். வலி குறையாததையும் அந்த விலையையும் சேர்த்துப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்கள். ஷூவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம்.

"பாய், இது போலிச் சரக்கு. மூணு மாசமாப் போடுதா. ஒரு இம்மி கொறையல" என்று என் வீட்டுக்காரர் பெட்டியை மேசைமேல் வைத்தார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நான் வாசல் நிலைக்கு அப்பாலேயே நின்றுகொண்டேன்.

பாய் கோபப்படவில்லை. ஒரு ஷூவை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார். அடியில் இருந்த வரிகளை விரலால் தடவினார். பிறகு அவர்தான் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, டயர் பாக்கத் தெரிஞ்சவரு நீங்க. நீங்களே பாருங்க. மூணு மாசம் ஓடின டயரா இது? ஒரு வரி தேயல. இவிய இதப் போடவே இல்ல."

"போடுதேன்" என்றேன். வெளியிலிருந்தே.

"எங்கம்மா போடுதீக?"

"மில்லுக்குப் போக, வர."

"மில்லுக்குள்ள?"

"உள்ள எப்படிப் போட? வெறுங்காலுதான்."

"வீட்டுல?"

"வீட்டுக்குள்ள யாராவது ஷூ போடுவாகளா?"

பாய் ஷூவைக் கீழே வைத்தார். கடைக்கு வந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாய் சிரிக்கவில்லை.

"அப்பம் ஷூ நடக்கது ஒரு மைலு. ஒங்க காலு வெறும் சிமிண்டுல நிக்கது எட்டு மணி நேரம். ஆணில தொங்குன ஷூ ஒங்க காலுக்கு என்னம்மா செய்யும்?"

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் 'போடுங்க' என்று சொன்னபோது, வெளியே போட வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். செருப்பு என்றால் தெருவுக்கு. எங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கவே வரவில்லை.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டார். "பாய், தப்பா நெனைக்காதீக. டாக்டருக்கு நீங்க எதும் கொடுப்பீகளா?"

"பெருநாளைக்கு ஒரு சோடி கொடுப்பேன். அவரு கேட்டதில்ல, நான் கொடுக்காம இருந்ததுமில்ல. அதுக்காக ஒங்க பொஞ்சாதிக்குக் காலு வலிக்காமலா இருக்கு?"

இந்தப் பதிலை நான் இன்றுவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். அவர்களுக்குள் ஒரு தொடர்பு இருந்தது. அவர்கள் சொன்னதும் சரியாக இருந்தது.

இனி ஷூவை மில்லுக்குள் போட வேண்டும். அதற்கு மேஸ்திரிக்கும் மேலான ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். அந்த மில்லில் நான் சேர்ந்து பதினொரு வருஷம். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதை ரவிக்கைக்குள் நான்கு நாள் வைத்திருந்தேன். வியர்வையில் மை இளகிவிட்டது. இன்னும் ஒருநாள் போனால் எழுத்தே இருக்காது என்ற பயத்தில்தான் அவர் அறைக்குப் போனேன்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இத வச்சு நாளைக்கு மில்லு மேல கேஸ் போடுவீங்களா?"

"இல்ல சார்."

"எடை குறைஞ்சதுக்கு இது சாக்கா?"

"இல்ல சார். போட்டா எடை கூடும்னு..." அதற்கு மேல் வரவில்லை.

அவர் என் காலைப் பார்த்தார். எல்லாரையும் போல அவருக்கும் அங்கே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை சொன்னார். அந்த ஷூ தெருவை மிதிக்காமல் மில்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். சூடம் காட்டும்போது கழற்றிவிட வேண்டும். ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் கொட்டகை.

முதல் நாள் ஷூவோடு மெஷினுக்குப் போனபோது எல்லா மெஷினிலிருந்தும் தலைகள் திரும்பின. எங்கள் பகுதியில் சத்தத்தில் காது கேட்காது, உதட்டையும் கையையும் வைத்துத்தான் பேசுவோம். சுப்புத்தாய் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். சாப்பாட்டு நேரத்தில், "மதினி, அடுத்து தொப்பி எப்பம்? சொல்லிருங்க, நாங்க எந்திரிச்சி நிக்கணும்லா" என்றாள். சேலைக்கு அடியில் அந்த வெள்ளை ஷூ எனக்கே வேறு யாருடைய காலோ போல இருந்தது.

பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, மதியம் ஒரு மணிக்குக் குதிகாலை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறேன் என்பது தற்செயலாகத் தெரிந்தது. உடனே அதையும் நம்பவில்லை. மாத்திரை சாப்பிட்டேனா என்று யோசித்தேன். சாப்பிடவில்லை.

அந்த மாதம் எடை கொஞ்சம் ஏறியது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் போதுமாக இருந்தது.

காலை வலி போக அதிக நாளாயிற்று. நாற்பது அடி முப்பதாயிற்று, பிறகு பதினைந்து. சில நாள் திரும்ப நாற்பதுக்கு ஏறும். ஏறும் நாளில் எல்லாம் வீண் என்று தோன்றும். இந்த நோய் நேராக இறங்காது, மேலும் கீழுமாகத்தான் போகும். யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏழெட்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது, மனதில் இருந்ததைக் கேட்டேன். ஷூவால்தான் குணமானதா, பயிற்சியாலா?

"எல்லாம் சேந்துதான். பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷம் போனா தானாவே கூடச் சரியாகிரும்."

எனக்குச் சுருக்கென்றது. "தானா சரியாகும்னா ஷூ எதுக்கு சார்?"

"அந்த ஒரு வருஷம் மெஷின விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்பீங்களாம்மா?"

குணத்தை அந்த ஷூ கொடுத்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஒரு வருஷத்தைக் கொடுத்தது. மெஷினை விடாமல் நின்றே குணமாவதற்கான நேரம்.

பத்தாவது மாதம் ஷூவின் மேற்பக்கம் புதுசு போலவே இருந்தது, வலி மட்டும் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் டியூப் வெட்டுகிற கத்தியால் அதைக் குறுக்காக வெட்டிவிட்டார். உள்ளே மாயம் ஒன்றுமில்லை. மேலே ஒரு அடுக்கு நுரை ரப்பர், கீழே கொஞ்சம் கெட்டியாக இன்னொரு அடுக்கு. முன்பக்கம் விரல் கனத்துக்கு இருந்தது, குதிகாலின் உட்பக்கம் பிஸ்கட் மாதிரி மெலிந்திருந்தது.

"இதுக்குத்தான் எண்ணூத்தம்பதா? இதுல பாதி அந்த நீலக் கோட்டுக்குக் கொடுத்திருக்கோம் பேச்சி."

அடுத்த ஜோடியைப் பஸ் ஸ்டாண்டில் வாங்கினோம். குதிகால் பக்கம் அழுத்தியபோது நகம் பதியவே இல்லை. என் வீட்டுக்காரர் எச்சரித்தும் விலைக்காக நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று வாரத்தில் வலி வந்தது. அதற்கடுத்தது பாய் கடையில், கோடு எதுவும் இல்லாத, நடுத்தர விலையில் ஒன்று. அது ஆறு மாதம் தாங்கியது. விலை உயர்ந்த ஷூ பெறுமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: குதிகாலுக்கு அடியில் இருக்கிற நுரைக்குக் காசு கொடுக்கலாம். மற்றதற்கு வேண்டாம். எதை வாங்கினாலும் நிற்கிற இடத்தில் போடுங்கள்.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நோயைப் பற்றி எழுதும்போது இன்னொன்றை மறைத்தால் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். அந்த மாஸ்டர் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார். அதனால் எழுத முடிகிறது.

எனக்கு எடை நன்றாக ஏறி, வலி ஏறக்குறைய நின்றிருந்த சமயம். அவரே மெஷின் பக்கம் வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

"நீங்கதான் ஷூ போட்டிருக்கீங்களே. மெஷின் பக்கம் முழுசும் நீங்களே பாத்துக்குங்க. கூலில கொஞ்சம் ஏத்திக் கொடுக்கேன்."

"அந்தப் பாதி சுப்புத்தாய்து சார்."

"அவங்கள வேற எடத்துக்கு மாத்திக்கலாம்."

வேறு இடம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை, கொட்டகைதான் என்று தெரியும். ஷூவுக்கு அவர் அனுமதி கொடுத்தபோது என் எடையை மட்டும் நினைத்துக் கொடுத்திருக்கிறார் என்று நம்பியிருந்தேன். டாக்டரைச் சந்தேகப்பட்டேன், பாயைச் சந்தேகப்பட்டேன், இவரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"காலைக் கேட்டுட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன். வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார்.

சுப்புத்தாய் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவில் போனபோது முழுப் பக்கத்தையும் நான் பார்த்தேன். போக வர நடை இரண்டு மடங்கு. முதல் நாள் பயந்துகொண்டே நடந்தேன். கால் தாங்கியது. இரண்டாம் நாளும் தாங்கியது. மூன்றாம் நாள் மூன்று மணிச் சங்கு ஊதும்போது கெண்டைக்கால் அசந்திருந்தது, குதிகால் சும்மா இருந்தது. கூலி ஏறினால் வீட்டுக்கு என்னென்ன ஆகும் என்று நடந்துகொண்டே யோசிக்கவும் செய்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் இரண்டரை மணி வாக்கில் மாஸ்டர் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். சுப்புத்தாய் வேலைக்குத் திரும்பி, கையில் மருதாணியோடு நூல் முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, காலு என்ன சொல்லுது?"

"வலிக்குது சார்" என்றேன். "ரெண்டாம் நாளே வந்திருச்சி. முழுப் பக்கம் முடியாது."

அவர் கடிதம் படித்தவர், ஷூவைப் பார்த்தவர். நம்பிவிட்டார். உண்மையாக வலித்த நாளில் ஒருவரும் என்னை நம்பவில்லை.

சொன்னதற்காக நொண்ட வேண்டியிருந்தது. இடது காலை முன்காலில் ஊன்றி நடந்தேன். சுப்புத்தாய் அதைப் பார்த்துவிட்டு, தன் பாதியிலிருந்தே எட்டி, உதட்டை அசைத்துக் கேட்டாள்: "என்ன மதினி, நாடகம் திரும்ப ஆரம்பிச்சாச்சா?"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

எத்தனை நாள் நொண்டினேன் என்று நினைவில்லை. எப்போது விட்டேன் என்றும் தெரியாது. இப்போது காலை நேரத்தில் எனக்கு வலி கிடையாது. ஆனால் சில நாள் மெஷினில் நிற்கும்போது இடது குதிகால் கனக்கிறது, லேசாகக் குத்துகிறது. அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டரை மணி. ஷூவை மாற்றிப் பார்த்துவிட்டேன். டாக்டரும் அழுத்திப் பார்த்துவிட்டு அங்கே ஒன்றுமில்லை என்றார். நார்ப்பட்டைதான் வலிக்கிறதா, நான் சொன்ன சொல்லா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம் இருக்கும். பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டு, அறுந்த அடுத்த நூலை எடுக்கிறேன்.